ஜெர்மனியைக் காரில் சுற்றப் போகிறீர்களா? திட்டம் போடும்போதே நடந்துவிடும் தவறுகள்

ஜெர்மனியில் நீண்ட கார் பயணம் போகிறவர்களின் பெரிய தவறு, காரில் ஏறுவதற்கு முன்பே, மேப்பைத் திறந்து வைத்துக் கணக்குப் போடும்போதே நடந்துவிடுகிறது. ஹாம்பர்க்கிலிருந்து மியூனிக் 780 கி.மீ. சொச்சம், ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில்தான் வேகக் கட்டுப்பாடே கிடையாதே, 150-ல் போனால் ஐந்தேகால் மணி நேரம், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு கட்டி, சாயங்காலத்துக்கு இன்னொரு ஊரையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு பலிக்காது. பல பகுதிகளில் கட்டுப்பாடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நகரங்களை ஒட்டிய இடங்கள், ஏற்ற இறக்கங்கள், பழைய பாலங்கள், சாலை வேலை நடக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் 120, 100, 80, 60 என்று பலகை மாறிக்கொண்டே வரும். பகல் நேரத்தில், இடைவேளை எல்லாம் சேர்த்து, சராசரியாக மணிக்கு 90 கி.மீ. என்று வைத்துத் திட்டம் போடுங்கள். அப்படிப் பார்த்தால் ஹாம்பர்க் - மியூனிக் ஒரு முழு நாள். ஊர் பார்க்க வேண்டிய நாளில் 300 கி.மீ.க்கு மேல் வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கட்டுப்பாடு இல்லாத இடத்திலும் 130 என்பது அரசு பரிந்துரைக்கும் வேகம். அதைத் தாண்டினால் அபராதம் இல்லை, ஆனால் விபத்து நடந்தால், தவறு எதிராளியுடையதாகவே இருந்தாலும், நீங்கள் 130-ஐத் தாண்டிப் போயிருந்தால் இழப்பில் ஒரு பங்கை உங்கள் தலையில் கட்ட நீதிமன்றத்தால் முடியும். வாடகைக் கார் எடுப்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

வேகத்தைவிட முக்கியம் எந்த லேனில் போகிறோம் என்பது. இடது லேன் முந்துவதற்கு மட்டும். முந்தி முடித்ததும் வலப்பக்கம் திரும்பி வந்துவிட வேண்டும், வலப்பக்கமாக முந்தக் கூடாது. இந்தியா, இலங்கை, இங்கிலாந்து என்று இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது எல்லாமே தலைகீழ் என்பதால் முதல் நாள் ஆட்டோபானில் வலது லேனிலேயே, லாரிகளுக்குப் பின்னால், பொறுமையாகப் போய்ப் பழகுங்கள். முந்துவதற்கு முன் பின்கண்ணாடியை ஒரு முறை பார்த்தால் போதாது. 200-ல் வருகிற கார் நொடிக்கு 55 மீட்டர் வருகிறது. கண்ணாடியில் சின்னப் புள்ளியாகத் தெரிந்த விளக்கு, நீங்கள் இண்டிகேட்டர் போட்டு லேன் மாறுவதற்குள் உங்கள் பம்பருக்குப் பின்னால் நிற்கும்.

அடுத்தது நாள் பார்ப்பது. நல்ல நேரம் பார்ப்பதைச் சொல்லவில்லை, பள்ளி விடுமுறையைச் சொல்கிறேன். ஜெர்மனியின் 16 மாநிலங்களும் கோடை விடுமுறையை ஒரே சமயத்தில் விடுவதில்லை, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மாற்றி மாற்றி விடுகின்றன, பவேரியாவும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கும் வழக்கமாகக் கடைசி. ஒரு மாநிலத்தில் விடுமுறை தொடங்கும் வெள்ளி மதியத்திலும் சனிக்கிழமையிலும் தெற்கே ஆல்ப்ஸ் பக்கம் போகும் சாலைகள், குறிப்பாக மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போகும் ஏ8 ஆட்டோபான், அப்படியே நின்றுவிடும். வடக்கே ஏ7-ல் ஹாம்பர்க்கின் எல்ப நதிச் சுரங்கப் பாதையும் அப்படித்தான். நீங்கள் போகும் வழியில் உள்ள மாநிலங்களின் விடுமுறைத் தேதிகளைப் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

சாலை வேலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேற்கு ஜெர்மனியின் ஆட்டோபான் பாலங்களில் ஏராளமானவை 1960, 70-களில் கட்டியவை, இன்றைய லாரிகளின் எடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்கப்படுகின்றன அல்லது இடிக்கப்படுகின்றன. லூடன்ஷைட் அருகே ஏ45-ல் இருந்த ராமெடெ பாலத்தை 2021 டிசம்பரில் திடீரென்று மூடினார்கள், 2023 மே மாதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க நெடுந்தூர வண்டிகள் அந்தச் சின்ன ஊரின் தெருக்களில் ஊர்ந்தன. ஆகவே பயணத்துக்கு முந்தின நாள் இரவு வழியில் எங்கே மூடியிருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம், வார இறுதிகளில் முழு மூடல்கள் அடிக்கடி வரும்.

வேலை நடக்கும் இடத்துக்குள் நுழையும்போது இடது லேனுக்கென்று ஒரு பலகை இருக்கும், 2 மீட்டர் அல்லது 2.1 மீட்டர் என்று. அது வண்டியின் அகல வரம்பு, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து. ஆனால் வண்டியின் பதிவுச் சான்றிதழில் போட்டிருக்கும் அகலத்தில் கண்ணாடிகள் கிடையாது. சாதாரணக் குடும்பக் கார்களே கண்ணாடியோடு சேர்த்தால் 2 மீட்டரைத் தாண்டிவிடும், எஸ்யூவி பெரும்பாலும் 2.1-ஐயும் தாண்டும். வலப்பக்கம் லாரி, இடப்பக்கம் கான்கிரீட் தடுப்பு, நடுவில் மஞ்சள் கோடு போட்ட ஒடுக்கமான லேன், அதில் மாட்டிக்கொண்டால் கண்ணாடி உரசும், அபராதமும் வரும். வாடகை வண்டியை எடுக்கும் கவுன்ட்டரிலேயே கண்ணாடியோடு அகலம் எவ்வளவு என்று கேட்டு, எண்ணை எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். பெரிய வண்டி என்றால் வலது லேனிலேயே போய்விடுங்கள்.

நெரிசலில் நிற்கும்போது செய்யும் தவறு உயிர் சம்பந்தப்பட்டது. வண்டிகள் நடக்கும் வேகத்துக்கு வந்த உடனேயே, சைரன் கேட்கும் வரை காத்திருக்காமல், ஆம்புலன்ஸுக்கு வழி விட்டுவிட வேண்டும். இடக்கோடி லேனில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், மற்ற எல்லா லேன்காரர்களும் வலப்பக்கம். மூன்று லேன் இருந்தாலும் நான்கு இருந்தாலும் இதே விதிதான். வழி விடாவிட்டால் குறைந்தது 200 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. அபராதத்துக்காக மட்டும் சொல்லவில்லை, முன்னால் யாரோ வண்டிக்குள் நசுங்கிக் கிடக்கும்போது ஒரு நிமிடம்கூடப் பெரிய விஷயம்.

பெட்ரோல் தீர்ந்து ஆட்டோபானில் நிற்பதும் அங்கே விதிமீறல்தான், தவிர்த்திருக்கலாமே என்பது அவர்கள் வாதம். அதற்காக ஆட்டோபான் ஓரத்திலேயே இருக்கும் பங்கில் நிரப்ப வேண்டாம், அங்கே விலை மிகவும் அதிகம். எக்ஸிட் எடுத்து ஒன்றிரண்டு கி.மீ. போனால் ஆட்டோஹோஃப் என்ற லாரிக்காரர்கள் நிறுத்தும் இடமோ, ஊர் பங்கோ இருக்கும். விலைகளை ஒப்பிடும் செயலிகளும் இருக்கின்றன. நீங்களே நிரப்பிவிட்டு, பம்ப் எண்ணைப் பார்த்துக்கொண்டு, உள்ளே போய்க் காசு கட்ட வேண்டும்.

நேவிகேஷனைக் கண்ணை மூடி நம்புவது இன்னொரு தவறு. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. மைன் நதிக்கரை ஃபிராங்ஃபர்ட் ஒன்று, போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரை ஃபிராங்ஃபர்ட் இன்னொன்று. சுற்றுலாக்காரர்கள் தேடிப் போகும் மதில் சூழ்ந்த ரோத்தன்பர்க் டாவ்பர் நதிக்கரையில் இருக்கிறது, ஏறத்தாழ அதே பெயரில் ஃபுல்டா நதிக்கரையிலும் நெக்கார் நதிக்கரையிலும் ஊர்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயரோடு ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டையும் போட்டால் இந்தக் குழப்பமே இல்லை. ரோத்தன்பர்க்குக்கு 91541.

அப்புறம் சுங்கம். ஜெர்மனியில் கார்களுக்குச் சாலைக் கட்டணம் இல்லை, ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் விக்னெட் என்ற சாலைக் கட்டணச் சீட்டு வேண்டும். மியூனிக்கிலிருந்து பெர்க்டெஸ்காடன் போகச் சொன்னால் நேவிகேஷன் பல நேரம் உங்களை எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் ஏ10 வழியாகக் கொண்டுபோகும், ஜெர்மனியில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத்தானே போகிறோம் என்று விக்னெட் இல்லாமல் போய் மாட்டிக்கொள்வார்கள். ஏ8-ல் பாட் ரைஷன்ஹாலில் இறங்கி பி20 என்ற சாதாரண நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஜெர்மனிக்குள்ளேயே போய்விடலாம்.

ரைன் நதிப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்துக்கு ஒரு பாலம்கூடக் கிடையாது. கோட்டைகள் இரண்டு கரையிலும் இருக்கின்றன, அக்கரைக்குக் கார் ஏற்றும் ஃபெர்ரியில்தான் போக வேண்டும், இரவில் அது ஓடாது. தங்கும் விடுதியை இக்கரையில் போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அக்கரை போனால் திரும்பி வருவது பெரும் சுற்று. மோசல் பள்ளத்தாக்கிலும் இதே நேரக் கணக்குப் பிரச்சினை: கோப்லென்ஸிலிருந்து டிரியருக்கு ஆட்டோபானில் ஒன்றரை மணி நேரம், நதியை ஒட்டிய சாலையில் கிட்டத்தட்ட முழு நாள். ஆனால் திராட்சைத் தோட்டங்கள் செங்குத்தாக இறங்கும் அந்த வளைவுகளைப் பார்க்காமல் ஆட்டோபானில் போய் என்ன பயன்? ஆட்டோபானின் இருபுறமும் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் சத்தம் தடுக்கும் சுவர்களும் மரங்களும்தான். வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து ஃபூசன் வரை போகும் ரொமாண்டிக் ரோடு என்ற சுற்றுலாச் சாலை போன்ற வழிகளுக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள், இல்லையென்றால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அந்த வழியின் முடிவில் இருக்கும் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், சீட்டில் உள்ள நேரத்துக்குத்தான் உள்ளே விடுவார்கள். கார் கீழே ஹோகன்ஷ்வாங்காவ் கிராமம் வரைதான், மேலே நடக்க முப்பது நாற்பது நிமிடம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பங்க்குகளும் பெரிய ரயில் நிலையக் கடைகளும் தவிர. சனிக்கிழமையே தண்ணீர், ரொட்டி, பால் வாங்கிவிடுங்கள். ஆனால் ஞாயிறு இரவு 10 மணி வரை கனரக லாரிகளுக்குத் தடை என்பதால் நீண்ட தூரம் ஓட்ட அதுதான் நல்ல நாள். கிராமத்து உணவகங்களில் சமையலறை இரவு 9 மணிக்கே மூடிவிடலாம், திங்களோ செவ்வாயோ வார விடுமுறை இருக்கும், சில இடங்களில் கார்டு வாங்க மாட்டார்கள். கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

பாரிசிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ சொந்தக் காரில் வருகிறவர்கள் பலர் கோட்டைவிடுவது, புகை மாசு குறைந்த வண்டி என்று காட்டும் பச்சை ஸ்டிக்கரை. பெர்லின், மியூனிக், கொலோன் போன்ற நகரங்களின் மையப் பகுதிக்குள் போக முன்கண்ணாடியில் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 100 யூரோ. ஜெர்மன் வாடகைக் கார்களில் வழக்கமாக ஒட்டியிருக்கும். ஏ2-ல் போகிறவர்கள் ஹம்-ஊன்ட்ரோப் எக்ஸிட்டில் இறங்கினால் காமாட்சி அம்பாள் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கோடைத் தொடக்கத்தில் வரும் தேர்த் திருவிழா நாளில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து கூட்டம் வரும், அன்றைக்கு அந்த வழியில் அவசரப் பயணம் வைக்காதீர்கள்.

குடியிருப்புத் தெருக்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும். வண்டி நிறுத்திய நேரத்தைக் காட்டும் நீல நிற பார்க்கிங் அட்டை கேட்கும் இடத்தில் வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியைக் காட்ட வேண்டும், 10.10-க்கு வந்தால் 10.30.

கடைசியாகக் காகிதங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு ஊரிலேயே சர்வதேச அனுமதியும் எடுத்து வாருங்கள், ஜெர்மனியில் குடியேறியவர்களுக்கு இந்திய உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். கியர் வண்டி வேண்டாம் என்றால் ஆட்டோமேடிக் என்று முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். போலந்து, செக் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அனுமதி உண்டா என்று வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள், விலையுயர்ந்த சில மாடல்களை அங்கே கொண்டுபோக விட மாட்டார்கள். வண்டியை வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம், ஞாயிறன்று சின்ன ஊர்க் கிளைகள் மூடியிருக்கும். இதை முதலில் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டு வாருங்கள்.