ஃபின்ச் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

ஃபின்ச் என்ற சிறு கூண்டுப் பறவையைக் கையில் எடுத்துக் கொஞ்ச முடியாது. தள்ளி உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். ஒரு பறவையின் எடையே 10 முதல் 15 கிராம். கூண்டுக்குள் கை நுழைந்தாலே உயிருக்குப் பயந்து மூலைக்கு மூலை பறக்கும். வருடக்கணக்கில் வளர்த்தாலும் பெரும்பாலானவை விரலில் ஏறாது. தோளில் உட்காரும் பறவை வேண்டும், குழந்தை கையில் வைத்து விளையாட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் ஃபின்ச் வேண்டாம். குழந்தை ஏமாறும், பறவை பயத்திலேயே வாழும்.

காலை வெளிச்சம் விழுந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓயாத நடமாட்டம், ஒன்றையொன்று கோதிவிடும் ஜோடி, ஆண் பறவை தத்தித் தத்திப் பாடும் பாட்டு, நாரைக் கவ்விக்கொண்டு கூட்டுக்கு ஓடும் பரபரப்பு, இவை போதும் என்கிறவருக்கு இதைப்போல நிறைவு தரும் பறவை குறைவு. நல்ல பராமரிப்பில் 5 முதல் 7 ஆண்டுகள் இருக்கும். அத்தனை வருடமும் தினமும் காலையில் கால் மணி நேரம் இதற்கென ஒதுக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

எந்த ஃபின்ச்?

முதன்முறை வளர்ப்பவருக்கு இரண்டே இரண்டைத்தான் சொல்வோம்: ஜீப்ரா ஃபின்ச், பெங்காலிஸ். ஜீப்ரா ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. வெயிலை ஓரளவு தாங்கும், எதற்கும் சுலபமாகப் பழகும். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், விலாவில் வெள்ளைப் புள்ளிகள், பவளச் சிவப்பு அலகு. பெண்ணுக்கு இவை இருக்காது. அலகும் வெளிர் ஆரஞ்சு. முழு வெள்ளை வகையில் அலகின் நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அலகு கறுப்பாக இருந்தால் அது குஞ்சு.

பெங்காலிஸ் காட்டில் கிடையாது. வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் பல தலைமுறையாக வளர்த்து உருவாக்கியது. சாதுவானது, கூட்டமாக இருக்கும், சண்டை குறைவு. ஆணையும் பெண்ணையும் கண்ணால் பிரிக்க முடியாது. பாடினால் ஆண், அவ்வளவுதான் அடையாளம்.

கூல்டியன் ஃபின்ச்சின் நிறத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் விலை அதிகம், குளிரும் ஈரமும் ஆகாது, மூச்சுக்குழல் உண்ணிக்குச் சுலபமாக ஆளாகும். ஓரிரு வருட அனுபவம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். ஜாவா குருவி வேறு விதமான கேள்வி. அது சைட்டிஸ் என்ற, வன உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பறவை. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்: நம் ஊர்ச் சில்லைகள். சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை இவையெல்லாம் வயல்வெளியில் வலை போட்டுப் பிடிக்கப்பட்டு ‘முனியா’, ‘ஸ்ட்ராபெரி ஃபின்ச்’ என்ற பெயர்களில் சந்தைக்கு வருகின்றன. சில சமயம் பச்சை, ரோஜா நிறச் சாயம் ஏற்றியும் விற்பார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், காட்டில் பிறந்த பறவை கூண்டுக் கம்பியில் மோதி மோதியே நெற்றி கிழிந்து சாகும். நீங்கள் பரிதாபப்பட்டு ஒன்றை வாங்கினாலும் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்றைப் பிடிப்பார்கள். பழுப்பு நிறப் பெங்காலிஸ் காட்டுச் சில்லையைப் போலவே இருக்கும் என்பதால், புதியவர்கள் வெள்ளை கலந்த பெங்காலிஸைத் தேர்ந்தெடுப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

வீடு ஏற்றதா?

கூண்டு வைக்க நினைக்கும் இடத்தை, பறவை வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கவனியுங்கள். ஒரு வெப்பமானியை அங்கே தொங்கவிட்டு, காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 9 மணி ஆகிய மூன்று நேரமும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பார்ப்பது இன்னும் நல்லது. 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம். பறவையின் உடல் வெப்பமே 40 டிகிரிக்குச் சற்று மேலே. சுற்றியுள்ள காற்று அந்த அளவை நெருங்கும்போது வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற முடியும். தகர ஷீட் கூரைக்கு அடியிலும், மேற்கு வெயில் நேராக விழும் பால்கனியிலும் ஒரே மதியத்தில் பறவைகள் செத்துப்போவது இதனால்தான்.

அடுத்தது புகை. நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து இது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், தாளிக்கும்போது எழும் மிளகாய் நெடி எல்லாமே பறவையின் மூச்சுப்பையைத் தாக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது நான்-ஸ்டிக் பாத்திரம். அடுப்பில் வெறுமனே காய்ந்து அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து வரும் வாயு சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. சமையலறையிலும் பூஜை அறையை ஒட்டியும் கூண்டு வைக்கக் கூடாது. ஒரே அறை வீடு என்றால், கொசுவத்தியையும் நான்-ஸ்டிக்கையும் விடுகிறோமா, பறவை ஆசையை விடுகிறோமா என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

எலி நடமாட்டம் உள்ள வீட்டில், திறந்த பால்கனியில் இரவு கூண்டு வைக்கவே வேண்டாம். எலி கம்பி வழியாகவே காலைப் பிடித்து இழுக்கும். பூனையும் காக்கையும் பகலில் இதையே செய்யும். எறும்புக்கு, ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுதான் பழைய, பலிக்கும் வழி. எறும்புப் பொடி தூவாதீர்கள்.

சத்தத்தையும் கணக்கில் எடுங்கள். ஜீப்ரா கிளிபோலக் கத்தாது. ஆனால் பொம்மை ஊதுகுழல் மாதிரி ஒரு ‘மீப்’ ஒலியை விடிந்ததும் தொடங்கி நாள் முழுக்க எழுப்பும். இரவுப் பணி முடித்துக் காலையில் தூங்குகிறவர் இருக்கும் அறையில் இது ஒத்துவராது. அதேபோல் பறவைக்கு இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டு வேண்டும். இரவு 11 மணிவரை டிவி ஓடும் ஹாலில் வைத்தால் தூக்கம் கெட்டு, இறகு கொட்டி, நோயில் விழும்.

கடைசியாக, ஊருக்குப் போவது. இவ்வளவு சிறிய உடலில் சேமிப்பு கிடையாது. ஒரு நாள் முழுக்கத் தீனி இல்லாவிட்டாலே இறந்துபோகலாம். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகும்போது தினமும் வந்து பார்க்க ஒருவர் இருக்கிறாரா? அந்த ஆள் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். தீபாவளி வெடிச் சத்தத்தில் இரவில் மிரண்டு கம்பியில் மோதிச் சாகும் பறவைகளும் உண்டு. அன்று கூண்டை உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, மங்கலான விளக்கு ஒன்றை எரியவிட வேண்டும்.

கூண்டும் தீனியும்

ஒரு ஜோடிக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கடையில் பறவையோடு சேர்த்துத் தரும் ஒன்றரை அடிக் கூண்டு எடுத்துவர மட்டுமே உதவும். ஃபின்ச் பக்கவாட்டில்தான் பறக்கும், ஏறி இறங்காது. அதனால் உயரமான, வட்டமான அலங்காரக் கூண்டுகள் வீண். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது; அதைவிட அகன்றால் தலை சிக்கும். புதிய ஜிஐ வலையில் (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) துத்தநாகத் துகள் ஒட்டியிருக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தபின் பயன்படுத்துங்கள்.

உட்காரும் குச்சிக்குக் கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும் போதும். பென்சில் கனத்திலும் அதைவிடச் சற்று மெல்லிசாகவும் கலந்து, கூண்டின் இரு கோடியிலும் கட்டுங்கள், நடுவெளி பறப்பதற்கு. தீனிக்கும் தண்ணீருக்கும் நேர்மேலே குச்சி இருந்தால் எச்சம் அதில்தான் விழும்.

தீனிக் கலவை: தினை 2 பங்கு, பனிவரகு 1 பங்கு, கேனரி விதை 1 பங்கு. மளிகைக் கடையில் சமைப்பதற்காக விற்கும் தீட்டிய தினை வேண்டாம், உமியோடு இருப்பதை வாங்குங்கள். ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். மூன்று நாளில் பெரும்பகுதி முளைத்தால் உயிருள்ள நல்ல விதை. பூசண வாடை வந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள். ஒரு பறவைக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி.

புதியவர்கள் பறவையைப் பட்டினி போடுவது பெரும்பாலும் தெரியாமல்தான். ஃபின்ச் விதையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்தே தெரியும். தினமும் காலையில் உமியை ஊதிவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

விதை மட்டும் போதாது. கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். நன்றாகக் கழுவிய முருங்கைக்கீரை, கொத்தமல்லி ஒருநாள் விட்டு ஒருநாள். வேகவைத்த முட்டை வாரம் இருமுறை சிறு துண்டு. நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கெட்டு வயிற்றுப்போக்கு வரும். தண்ணீர் தினமும் ஒருமுறை, கோடையில் இருமுறை மாற்றுங்கள். காலையில் ஒரு அங்குல ஆழத் தட்டில் குளிக்கத் தண்ணீர் வைத்தால் மொத்தக் கூண்டும் உற்சாகமாகிவிடும். அவகாடோ, சாக்லேட், உப்புப் போட்ட எதுவும் கூடாது.

ஜோடி என்றால் குஞ்சு வரும்

ஒற்றை ஃபின்ச் வளர்க்கக் கூடாது, தனிமையில் வாடிவிடும். ஆணும் பெண்ணுமாக வாங்கினால், ஜீப்ரா நிற்காமல் முட்டையிடும். ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டை, 12 முதல் 14 நாளில் பொரிப்பு, மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வரும், அடுத்த சில மாதங்களில் அந்தக் குஞ்சுகளே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். ஒரு வருடத்தில் கூண்டு நெரிசலாகி, தாய்ப்பறவை சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை அடைத்து இறப்பது வழக்கமாக நடக்கும் கதை.

இதனால் முதல் வருடம் இரண்டு ஆண்களை வாங்குங்கள் என்பதே எங்கள் யோசனை. ஜீப்ராவில் ஆணைத் தவறில்லாமல் அடையாளம் காணலாம். நிறமும் பாட்டும் ஆணிடம்தான். பெண் பறவை கூண்டில் இல்லாதவரை இரண்டும் பெரும்பாலும் ஒற்றுமையாக இருக்கும். ஜோடிதான் வேண்டும் என்றால், கூடு கட்டப் பானையை வைக்காதீர்கள்; தீனிக் கிண்ணத்தில் முட்டையிட்டால் அதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் முட்டையை வையுங்கள். குஞ்சு எடுக்கத் தீர்மானித்தால், பெண்ணுக்கு 9 மாதம் நிரம்பியிருக்க வேண்டும், ஆண்டுக்கு மூன்று ஈட்டுக்கு மேல் கூடாது. கூட்டுக்கு இரண்டு, மூன்று அங்குல நீளத்தில் வெட்டிய தேங்காய் நாரும் காய்ந்த புல்லும் கொடுங்கள். நூல், பஞ்சு, முடி காலில் சுற்றி இறுக்கி, காலையே அழுகவைக்கும்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜிகளோடு ஒரே கூண்டில் விடாதீர்கள். அவற்றின் அலகு ஃபின்ச்சின் காலைத் துண்டாக்கிவிடும்.

வாங்கும் அன்று

கடையில் பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். மனிதர் அருகில் வந்தால் எந்தப் பறவையும் நோயை மறைத்து விறைப்பாக நிற்கும். நீங்கள் விலகியதும் உப்பிக்கொண்டு உட்காருவதை வாங்காதீர்கள். வால் மூச்சோடு சேர்ந்து ஆடினாலோ, ‘டிக், டிக்’ என்று மூச்சில் ஒலி வந்தாலோ அது மூச்சுக்குழல் உண்ணியாக இருக்கலாம். ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருப்பது வயிற்றுப்போக்கின் அடையாளம். ஒரே கூண்டில் ஒன்று நோயாக இருந்தால் அந்தக் கூண்டிலிருந்தே எதையும் எடுக்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால், புதியதை 30 நாள் வேறு அறையில் வைத்துப் பிறகு சேருங்கள். மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்தாமல் கூண்டுக் கதவைத் திறக்கவே கூடாது.

பறவைக்கு வைத்தியம் பார்ப்பவர் யார் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் பறவை பார்க்க மாட்டார்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மற்ற மாவட்டத்தினருக்கு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் என்று அருகிலுள்ளதைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் மனித ஆன்டிபயாட்டிக்கையும் உண்ணி மருந்தையும் நீங்களே கொடுக்காதீர்கள். 12 கிராம் உடலுக்கு ஒரு சொட்டு கூடினாலே விஷம். பறவை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால், தனிப் பெட்டியில் விட்டு, ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் பல்பு வைத்து 30 டிகிரி அளவுக்குச் சூடு கொடுங்கள்; மறுபக்கம் விலகிப்போக இடம் இருக்கட்டும். தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் வைத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளை பார்க்கலாம் என்று விட்டால் ஃபின்ச்சுக்கு நாளை இருக்காது.

வளர்க்க முடியாத நிலை வந்தால், வேறு வளர்ப்பவரிடம் கூண்டோடு ஒப்படையுங்கள். புண்ணியம் என்று நினைத்து வெளியே பறக்கவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, வல்லூறுக்கு ஒளியவும் தெரியாது.