சி++ மொழியில் எந்த மெத்தடை வெர்ச்சுவல் ஆக்குவது?

‘கணக்கு’ என்னும் பேஸ் கிளாஸில் (பிற கிளாஸ்களுக்கு அடிப்படையாகும் கிளாஸில்) ‘வட்டி’ என்றொரு மெத்தடை எழுதி, அது 0 என்று விடை தருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ‘சேமிப்பு’ என்னும் டிரைவ்டு கிளாஸை உருவாக்கி, அதே பெயரிலான மெத்தட் இருப்பில் 4 சதவீதத்தைக் கணக்கிடுமாறு எழுதுங்கள். 10,000 ரூபாய் இருப்புள்ள சேமிப்பு ஆப்ஜெக்டில் இந்த மெத்தடை நேரடியாக அழைத்தால் 400 வரும். அதே ஆப்ஜெக்டை, ‘கணக்கு’ வகை ரெஃபரன்ஸை (நகலெடுக்காமல் ஆப்ஜெக்டையே குறிக்கும் மாற்றுப்பெயரை) ஏற்கும் ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி அங்கிருந்து அழைத்தால் 0 வரும். கம்பைலர் பிழை எதையும் காட்டாது.

வெர்ச்சுவல் என்று குறிக்கப்படாத மெத்தடை அழைக்கும்போது, எதை ஓட்டுவது என்பதை ரெஃபரன்ஸின் வகையை மட்டும் பார்த்துக் கம்பைலர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. பேஸ் கிளாஸில் அந்த மெத்தடின் முன் ‘வெர்ச்சுவல்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், முடிவு நிரல் ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போகிறது; அப்போது ஆப்ஜெக்டின் உண்மையான வகை பார்க்கப்படுவதால் 400 வரும். பெரும்பாலான கம்பைலர்கள் இதற்காகக் கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் மெத்தட் முகவரிகளின் அட்டவணை ஒன்றை, அதாவது வி-டேபிளை, அமைத்து, ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் அதைச் சுட்டும் பாயிண்டரை மறைவாக வைக்கின்றன. 64 பிட் கணினியில் அது 8 பைட். அட்டவணையைப் பார்த்துத் தாவும் செலவு மிகச் சிறியது. அதைவிட, மெத்தடை அழைக்குமிடத்திலேயே விரித்து எழுதும் வாய்ப்பைக் கம்பைலர் பல வேளைகளில் இழப்பதே பெரிய செலவு.

ஆகவே, டிரைவ்டு கிளாஸ் மாற்றி எழுத வேண்டும் என்று நீங்களே விரும்பும் மெத்தடை மட்டும் வெர்ச்சுவல் ஆக்குங்கள். ஜாவாவில் சாதாரண மெத்தட்கள், ஃபைனல் என்று தடுக்காவிட்டால், இயல்பாகவே வெர்ச்சுவல். சி++ மொழியிலும் சி ஷார்ப்பிலும் கேட்டால்தான் கிடைக்கும். எனக்குப் பின்னதே சரியாகப் படுகிறது, ஏனெனில் மாற்றி எழுத இடம் தருவது பின்னாளில் காப்பாற்ற வேண்டிய ஒரு வாக்குறுதி. பணம் எடுக்கும்போது இருப்பைச் சரிபார்க்கும் மெத்தடை யாரும் மாற்றக் கூடாது என்றால் அதை வெர்ச்சுவல் அல்லாததாக வைத்து, கணக்குக்குக் கணக்கு வேறுபடும் கட்டணக் கணக்கீட்டை மட்டும் தனி வெர்ச்சுவல் மெத்தடாகப் பிரித்து உள்ளிருந்து அழைக்கலாம்.

டிரைவ்டு கிளாஸில் மாற்றி எழுதும்போது ‘ஓவர்ரைடு’ என்று குறிக்கத் தவறாதீர்கள்; 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்த வசதி இது. பேஸ் கிளாஸின் மெத்தடில் ‘கான்ஸ்ட்’ (ஆப்ஜெக்டை மாற்றாது என்னும் குறி) என்று இருந்ததை டிரைவ்டு கிளாஸில் எழுத மறந்து, வட்டி ஏன் 0 ஆகவே வருகிறது என்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன். அந்த ஒரு சொல் இல்லாததால் அது வேறொரு புது மெத்தட் ஆகிவிட்டிருந்தது. ஓவர்ரைடு போட்டிருந்தால் கம்பைலரே அந்த வரியில் நிறுத்தியிருக்கும்.

பேஸ் கிளாஸ் பாயிண்டர் வழியாக ஆப்ஜெக்டை டெலீட் செய்யும் வழக்கம் இருந்தால் ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரும் வெர்ச்சுவலாக இருந்தே ஆக வேண்டும். இல்லையெனில் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை. ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து வெர்ச்சுவல் மெத்தடை அழைப்பதையும் தவிருங்கள். அந்நேரத்தில் டிரைவ்டு பகுதி இன்னும் உருவாகியிருக்காது என்பதால் பேஸ் கிளாஸின் மெத்தடே ஓடும்.

இவ்வளவும் செய்தபின்னும் 0 வந்தால், ஆப்ஜெக்டைப் பெறும் ஃபங்ஷனின் முதல் வரியைப் பாருங்கள். ‘கணக்கு’ என்ற வகைப் பெயருக்குப் பின் ரெஃபரன்ஸைக் காட்டும் ‘&’ குறி விட்டுப்போயிருந்தால், உள்ளே செல்வது சேமிப்பு ஆப்ஜெக்ட் அன்று, அதிலிருந்து கணக்குப் பகுதியை மட்டும் நறுக்கி எடுத்த ஒரு நகல். அந்த நகலின் வி-டேபிள் பாயிண்டர் ‘கணக்கு’ கிளாஸின் அட்டவணையையே சுட்டும்.