சீலிங் ஃபேன் சுற்றவில்லையா? கழற்றுவதற்கு முன் காது கொடுங்கள்

என் பெரியம்மா வீட்டுக் கூடத்து ஃபேன் ஒரு பங்குனி மாதத்தில் தானாகச் சுற்ற மறுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் மெல்லிய உறுமல் கேட்கும், இறக்கை அசையாது. ஒட்டடைக் கம்பால் ஒரு தள்ளு தள்ளினால் மெதுவாகக் கிளம்பிவிடும். வீட்டில் எல்லோரும் அதற்குப் பழகிப்போய், கம்பைக் கூடத்து மூலையிலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். பழுது பார்க்க வந்தவரோ, "காயில் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் நீளக் கன்டென்சர் ஒன்றை மாற்றியதும் ஃபேன் பழையபடி ஓடியது.

ஆனால் அப்படியே விட்டிருந்தால் காயில் உண்மையாகவே எரிந்திருக்கும். சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டார் உள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும். சிறு செலவில் முடியும் பழுது, கண்டுகொள்ளாமல் விட்டதால் பெரிய செலவில் போய் நிற்கும் வீடுகள் பல. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: கேட்பதும் சுற்றிப் பார்ப்பதும்

எந்தத் திருகையும் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, உறுதியான மேசை மீது ஏறி இறக்கையைக் கையால் மெல்லச் சுற்றிவிடுங்கள். (பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கீழே ஒருவர் மேசையைப் பிடித்துக்கொள்ளட்டும்.) தடையில்லாமல் சில சுற்றுகள் போய்த் தானாக நின்றால் பேரிங் (மோட்டார் உரசாமல் சுழல உதவும் குண்டு வளையம்) நன்றாக இருக்கிறது. சுற்றும்போது கரகரவென்று தட்டினால், அல்லது கையை எடுத்ததும் பிடித்தாற்போல் நின்றால், பழுது பேரிங்கில்தான்.

கீழே இறங்கி ரெகுலேட்டரை 5-இல் வைத்துச் சுவிட்சைப் போடுங்கள். உறுமல் மட்டும் கேட்டால், நீளமான மரக்கம்பால் இறக்கையை ஒருமுறை தள்ளிவிடுங்கள். கிளம்பிவிட்டால் கன்டென்சர் செத்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். எதிர்ப்பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கமாகவே ஓடும். அப்படியானால் சந்தேகமே இல்லை. சுற்றுகிறது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வேகம் குறைந்துகொண்டே வருகிறது என்றாலும் அதே கன்டென்சரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் வீட்டில் உள்ள மற்ற ஃபேன்களையும் ஒரு பார்வை பாருங்கள். கோடைக்கால மாலையில் தெருவுக்கே வோல்டேஜ் குறையும்போது எல்லா ஃபேன்களும்தான் சோம்பும். அதைப் பழுது என்று எண்ணிக் கழற்றக் கூடாது. இறக்கையின் முன்விளிம்பில் படிந்த தூசியும் காற்றைக் குறைக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.

உறுமலும் இல்லை, அசைவும் இல்லை என்றால் கரண்ட் ஃபேனுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது உள்ளே காயில் அறுந்திருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சில வீடுகளில் சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும்) ஒயரில் கொடுத்திருப்பார்கள். அணைத்த பிறகும் ஃபேன் வரை பேஸ், அதாவது ஷாக் அடிக்கும் ஒயரின் மின்சாரம், நிற்கும். ஆகவே மெயினை அணையுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதுவும் போதாது. மெயினை அணைத்த உடனே, கரண்ட் போய்விட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் தானாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். ஃபேன் அந்த இணைப்பில் இருந்தால் நீங்கள் தொடப்போவது உயிருள்ள ஒயரை. இன்வெர்ட்டரையும் அணையுங்கள். பிறகு கூரையை ஒட்டியுள்ள மேல் கப்பை இறக்கி, அங்கே வரும் இரண்டு ஒயர்களிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் ஒழுங்காக எரிகிறதா என்பதை மெயினை அணைக்கும் முன்பே ஒரு பிளக்கில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கன்டென்சர் மாற்றுவது

இது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். சைக்கிளை ஒற்றைக் காலால் மிதித்துப் பாருங்கள். பெடல் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் நகராது. இரண்டாவது கால் வேறு நேரத்தில் அழுத்தினால்தான் சக்கரம் சுற்றும். ஃபேனுக்குள்ளும் இரண்டு காயில்கள் உண்டு: ரன்னிங், ஸ்டார்ட்டிங். இரண்டாவது காயிலில் ஓடும் கரண்டுக்கு அந்த நேர வித்தியாசத்தைத் தருவதுதான் கன்டென்சர். அது இல்லாவிட்டால் ஒற்றைக் கால் மிதிதான்: உறுமும், நகராது.

பெரும்பாலான ஃபேன்களில், ஃபேனைத் தாங்கும் ராடின் கீழ்ப்பகுதியில், மோட்டாருக்குச் சற்று மேலே உள்ள கீழ் கப்புக்குள் இது இருக்கும். கப்பின் திருகைத் தளர்த்தி மேலே ஏற்றினால் வெள்ளை அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு சிறு உருளை தெரியும். ஏதும் கழற்றும் முன் கைபேசியில் இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். வழக்கமாகக் காயில்களின் வழியாகவே வடிந்துவிடும். காயில் அறுந்திருந்தால் வடியாது. பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிட்ட பிறகே கையால் தொடுங்கள்.

கன்டென்சரின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். நம் ஊர் ஃபேன்களில் அதிகம் காண்பது 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்; சில பழைய ஃபேன்களில் 3.15 இருக்கும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவு கேளுங்கள். பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். "4 போட்டால் காற்று பிய்த்துக்கொண்டு வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொஞ்சம் வேகம் கூடலாம். கூடவே காயிலில் சூடும் கூடி அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

கன்டென்சர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். 2.5 என்று அச்சிட்டதில் 2.2-க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டியதுதான். உள்ளே உள்ள மெல்லிய உலோகப் பூச்சு சிறு மின்தாக்குதல்களில் புள்ளி புள்ளியாக எரிந்து, ஒவ்வொரு முறையும் சிறிது கொள்ளளவை இழக்கிறது. ஃபேன் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வேகம் குறைவதற்குக் காரணம் இதுவே. பிளக்கில் செருகித் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிலர் செய்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புதியதற்கு நேர், எதிர் என்று கிடையாது; எந்த முனையை எங்கே கொடுத்தாலும் சரிதான். ஆனால் மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்கள் இடம் மாறக் கூடாது. ஒன்று மெயின் லைனின் ஒரு பக்கத்துக்குப் போகும். மற்ற இரண்டும் கன்டென்சரின் இரு முனைகளுக்கு. அந்த இரண்டில் ஒன்றோடு மெயின் லைனின் மறுபக்கம் சேரும். இந்த மறுபக்கம் தவறான முனையில் சேர்ந்துவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றிக் காற்றை மேலே தள்ளும். கீழிருந்து பார்த்தால் நம் ஃபேன்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

ஒயர்களைக் கனெக்டரில் இறுக்குங்கள். முறுக்கித்தான் சேர்க்க வேண்டும் என்றால் இறுக முறுக்கி, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கப்பை மீண்டும் இறக்கும்போது ஒயர் அதன் விளிம்பில் நசுங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெகுலேட்டர்

5-இல் மட்டும் சுற்றி 1 முதல் 4 வரை நின்றுவிடுகிறதா? ஃபேனைத் தொடவே வேண்டாம். ஸ்டெப் ரெகுலேட்டரில் 5 என்பது நேரடி இணைப்பு; மற்றவை அதற்குள் இருக்கும் சிறு கன்டென்சர்களின் வழியாகப் போகும். அவை போய்விட்டன. ரெகுலேட்டரை மாற்றினால் போதும்.

உறுமலே இல்லாதபோது

மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்திருக்க, சுவிட்ச் போர்டைத் திறந்து தளர்ந்த ஒயரோ கருகிய திருகோ இருக்கிறதா என்று பாருங்கள். மேல் கப்பில் உள்ள இணைப்பையும் பாருங்கள். ஃபேன் வரை டெஸ்டர் எரிந்தால் எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டெஸ்டர் சொல்வது பேஸ் வருகிறது என்பதை மட்டுமே. நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கலாம். ஓடும் கரண்டில் வைத்து அளக்கும் இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கரண்டை அணைத்தபடியே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. கன்டென்சரையும் மெயின் லைனையும் பிரித்துவிட்டு, மோட்டாரின் மூன்று ஒயர்களை இரண்டிரண்டாக ஓம் அளவில் வைத்து அளங்கள். மூன்று எண்கள் கிடைக்கும். பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும்: 150, 200, 350 என்பது போல. (எண்கள் ஃபேனுக்கு ஃபேன் மாறும், கணக்கு மாறாது.) எந்த ஜோடியாவது ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. எந்த ஒயருக்கும் ஃபேனின் உலோக உடலுக்கும் இடையே அளவு காட்டினால் கசிவு இருக்கிறது; அந்த ஃபேனை இனி ஓட்டவே கூடாது. இரண்டுக்கும் காயில் சுற்றித் தரும் வைண்டிங் கடைதான் வழி. ஒயர்கள் குழம்பிப்போனவர்களுக்கும் இந்த அளவு உதவும்: பெரிய எண் தந்த இரண்டு ஒயர்களும் கன்டென்சருக்குரியவை.

சத்தமும் ஆட்டமும்

பேரிங் போயிருந்தால் மோட்டாரை மட்டும் இறக்கிக் கடைக்குக் கொண்டுபோவதே முதல்முறை செய்பவருக்கு நல்லது என்பது என் கருத்து. 6201, 6202 போன்ற எண் பேரிங்கின் மீதே பொறித்திருக்கும், வாங்குவது எளிது. சுத்தியலால் தட்டி ஏற்றும்போது காயிலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், எல்லாம் வீண்.

ஆட்டத்துக்கு முதலில் இறக்கைத் திருகுகளை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு இறக்கையின் நுனியும் கூரையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று ஒரே இடத்தில் நிறுத்தி அளங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அது வளைந்திருக்கிறது. இறக்கைகளை மூன்றாக ஒரே எடையில் சேர்த்து விற்பதால், மாற்றினால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டேபிள் ஃபேன் இறுகிப்போயிருந்தால் அங்கே பேரிங்குக்குப் பதில் பெரும்பாலும் புஷ் என்னும் சிறு உலோகக் குழல்தான் இருக்கும், எண்ணெய் வறண்டிருக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில வாரங்களில் தூசியோடு பிசினாகி முன்னைவிட இறுகிவிடும்.

கடைசியாக, மேசையிலிருந்து இறங்கும் முன் ராடின் இரு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் காட்டர் பின் இருக்க வேண்டும், அதன் இரு கால்களும் விரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கான அதிர்வில் நட் கழன்றுவிடாமல் தடுப்பது அந்தச் சிறு கம்பிதான். துருப்பிடித்திருந்தால் புதிது போடுங்கள். பிறகு மெயினைப் போட்டு, கீழே யாரும் நிற்காதபடி ஃபேனை 1-இல் தொடங்கி 5 வரை ஏற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டுக் காது கொடுங்கள்.