ஷெல்லியின் 'ஓசிமாண்டியாஸ்' கவிதையை ஆராய்வது எப்படி?

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் இந்தக் கவிதை, பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு பழங்கால அரசனின் சிலையைப் பற்றியது. முதலில் 14 வரிகளையும் வாய்விட்டுப் படியுங்கள். அர்த்தம் தேடுவதெல்லாம் அப்புறம். யார் எங்கே பேசுகிறார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். கவிதை சொல்பவர் ஒருவர், அவருக்குச் செய்தி சொன்ன பயணி இன்னொருவர், சிலையின் பீடத்தில் பொறித்த வாசகத்தில் பேசும் அரசன் மூன்றாமவன். உலகை மிரட்டிய குரல் இரண்டு வாய் மாறித்தான் நம்மிடம் வருகிறது. அதிகாரம் தேய்ந்த கதையில் பாதியை இந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அடுத்து அந்தச் சிலையைச் செய்த சிற்பி. அரசன் முகத்தில் தெரிந்த ஏளனத்தை அவன் கணித்துக் கல்லில் வைத்துவிட்டான். அதற்காகக் கலை மட்டும் அழியாது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். சிலையும் உடைந்துதான் கிடக்கிறது.

'என் படைப்புகளைப் பாருங்கள்' என்ற ஆணவ வரியைப் பலரும் தனியாக மேற்கோள் காட்டுவார்கள். தயவுசெய்து அடுத்த வரியோடு சேர்த்துப் படியுங்கள். 'வேறெதுவும் மிச்சமில்லை' என்று வரியின் நடுவிலேயே வாக்கியம் நின்றுவிடுகிறது. அந்த நிறுத்தத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதலாம்.

வரலாற்றுக்கு இரண்டு வாக்கியம் போதும். ஓசிமாண்டியாஸ் என்பது எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸின் கிரேக்கப் பெயர். கவிதை வெளியானது 1818இல், நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்று மூன்றாண்டுகள் கூட ஆகாத நேரத்தில்.

நேரமிருந்தால் ஷெல்லியின் நண்பர் ஹொரஸ் ஸ்மித் இதே பொருளில் எழுதிய சானெட்டையும் (இதுபோன்ற 14 வரிக் கவிதை) ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் அழிந்துபோன லண்டனையே நேராகக் காட்டிவிடுகிறார். ஷெல்லி அப்படிச் செய்யவில்லை.