தோல்வழி நச்சுச் சோதனை: எலிக் கூண்டைத் திறக்கும் முன்பும் பிறகும்

மேல்விஷாரத்திலோ பேரணாம்பட்டிலோ டேனரியில் வேலை பார்ப்பவர் திறக்கும் ரசாயன டிரம்மில் மண்டையோட்டுப் படம் ஒட்டுவதா, ஆச்சரியக்குறி ஒட்டுவதா என்பதை முடிவு செய்யும் சோதனைகளில் தோல்வழி நச்சுச் சோதனையும் ஒன்று. ரசாயனம் தோலில் பட்டால் எவ்வளவு நஞ்சு என்று எலியில் பார்ப்பதுதான் அது. மண்டையோடு என்றால் கொடிய நஞ்சு, ஆச்சரியக்குறி என்றால் அதைவிடக் குறைந்த ஆபத்து. அவர் கையுறை இல்லாமல்கூட அந்த டிரம்மைத் தொடலாம். அதனால் இதில் அலட்சியம் கூடவே கூடாது. ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் விலங்குப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் பின்பற்றுவது ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வெளியிட்டு, 2017இல் திருத்திய 402ஆம் சோதனை வழிகாட்டி.

முதல் வேலை மேசையில்தான். இந்தச் சோதனை உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். பொருளின் பிஎச் 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே என்றால் அது தோலை அரிக்கும் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். தோலிலிருந்து முடி நீக்கப் பயன்படுத்தும் சோடியம் சல்பைடு கரைசல் அப்படிப்பட்டது. அதை எலி முதுகில் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. எலிக்கு வேதனைதான் மிச்சம். வாய்வழிச் சோதனையில் எலியின் உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் அது சாகவில்லை என்ற தரவு கையில் இருந்தால், தோல்வழிச் சோதனைக்கு விலக்குக் கேட்க இடம் உண்டு. அதைக் கேட்டே ஆகவேண்டும். தேவையில்லாத சோதனையை நிறுத்துவதும் நம் வேலையின் பகுதி என்று நான் நம்புகிறேன்.

தேவை என்று உறுதியானால் பி படிவத்தை, அதாவது விலங்குச் சோதனைக்கான விண்ணப்பத்தை நிரப்பி, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். அனுமதி கைக்கு வராமல் ஒரு கூண்டையும் நகர்த்தக் கூடாது.

எலிகள் 8 முதல் 12 வார வயதுக்குள், குட்டி போடாத, சினையில்லாத பெண் எலிகளாக இருக்க வேண்டும். குறைந்தது 5 நாள் நம் அறைக்குப் பழகட்டும். அறை வெப்பம் 22 டிகிரி. 3 டிகிரி கூடலாம், குறையலாம். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரியும். வேலூர் கத்திரி வெயிலில் வெளியே 40ஐத் தாண்டும்போது, கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்த இடைவெளியில் அறை எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். சூட்டில் வாடிய எலி சோர்ந்து படுத்தால், அது ரசாயனத்தின் அறிகுறியா, வெயிலின் அறிகுறியா என்று பிரிக்க முடியாது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பப் பதிவை நானே காலையும் மாலையும் பார்ப்பேன்.

சோதிக்கும் பொருளை வைப்பதற்கு சுமார் 24 மணி நேரம் முன்பு முதுகு முடியை கிளிப்பரால் எடுங்கள். எதற்கு ஒரு நாள் முன்பு? தோல் கீறியிருந்தால் அடுத்த நாள் தெரிந்துவிடும். கீறிய தோல் வழியாகப் பொருள் கூடுதலாக உள்ளே போகும், முடிவு பொய்யாகிவிடும்; அப்படிப்பட்ட எலியை விலக்குங்கள். பொருள் படவேண்டிய இடம் உடல் பரப்பில் ஏறத்தாழ 10 சதவீதம். 200 கிராம் எலிக்கு அது சுமார் 30 சதுர செ.மீ., அதாவது 5க்கு 6 அளவு காஸ் துணி.

அளவுகள் கிலோவுக்கு 50, 200, 1000, 2000 மில்லிகிராம். முன் தகவல் எதுவும் இல்லையென்றால் 200இல் தொடங்குங்கள். 200 கிராம் எலிக்கு அது 40 மில்லிகிராம். 2000 என்றால் 400. கணக்கை அன்று காலை எடுத்த எடையை வைத்துப் போடுங்கள், நேற்றைய எடை உதவாது. முதலில் ஒரு எலி. அது தாங்கினால் மேலே, செத்தால் கீழே. அப்புறம் நச்சு வகையை முடிவு செய்யும் அளவில் இன்னொரு எலி. பழைய 1987 முறையில் ஓர் அளவுக்குக் குறைந்தது 5 எலிகள் வேண்டியிருந்தது. அந்தக் குறைவுக்காகவே புதிய முறையை நான் மனதார வரவேற்கிறேன்.

பொடியைத் தண்ணீரில் நனைத்துச் சீராகப் பரப்புங்கள். மேலே காஸ், அதன் மேல் உறுத்தாத பிளாஸ்டர். கட்டு மூச்சை இறுக்கக் கூடாது, நெகிழவும் கூடாது. எலி ஓயாமல் தன் உடம்பை நக்கும். கட்டு நழுவி அது பொருளை நக்கிவிட்டால் நீங்கள் செய்தது தோல்வழிச் சோதனையே இல்லை. ஆனால் அசையவே முடியாமல் எலியைப் பிடித்துவைக்காதீர்கள். தனிக் கூண்டு போதும். 24 மணி நேரம் கழித்துக் கட்டைப் பிரித்து, மிச்சப் பொருளைத் தண்ணீராலோ பொருத்தமான கரைப்பானாலோ துடைத்தெடுங்கள்.

உண்மையான வேலை பார்வையில் இருக்கிறது. முதல் அரை மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது, பிறகு அன்று முழுக்க அவ்வப்போது, குறிப்பாக 2 முதல் 6 மணி நேரத்துக்குள். அடுத்து 14 நாள் தினமும். ஞாயிறும் பொங்கலும் இதற்கு விலக்கல்ல. ரோமம் சிலிர்த்திருக்கிறதா, கண் எப்படி, எச்சில் வடிகிறதா, நடுக்கம் உண்டா, தட்டினால் எழுந்திருக்கிறதா என்று கண்டதைக் கண்டபடி, நேரம் போட்டு எழுதுங்கள். ‘நார்மல்’ என்று ஒரே வார்த்தையை வரிசையாக எழுதிவைத்த பதிவேட்டை நான் ஏற்பதில்லை. எடை வாரம் ஒரு முறையாவது. எலி மீளாத வேதனையில் கிடந்தால் சாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கால்நடை மருத்துவரை உடனே அழைத்து, வலியில்லாமல் முடித்துவையுங்கள். கணக்கில் அதுவும் இறந்ததாகவே சேரும். காத்திருப்பதால் அறிவியலுக்கு ஒரு லாபமும் இல்லை.

கடைசியில் எல்லா எலிகளையும் அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களைக் குறியுங்கள். உடல்கள் மஞ்சள் பையில், எரிப்புக்கு. அறிக்கையில் இத்தனை மில்லிகிராமில் சரியாகப் பாதி எலி சாகும் என்று ஓர் எண்ணை எழுதாதீர்கள். இந்த முறை அதைத் தருவதில்லை. 200க்கு மேல் 1000 வரை, மூன்றாம் வகை என்பது போல எல்லையை எழுதுங்கள்; நச்சு வகைகளில் முதல் வகைதான் மிகக் கொடியது. மூன்றாம் வகைவரை லேபிளில் மண்டையோடு வரும், நான்காம் வகைக்கு ஆச்சரியக்குறி.