கப்பல் நேரமா, கரை நேரமா? சொகுசுக் கப்பல் பயணத்தில் கடிகாரத்தைக் கையாளும் விதம்

சொகுசுக் கப்பலில் அச்சடித்துத் தரும் நேரமெல்லாம் கப்பல் நேரம். சாப்பாடு, கலைநிகழ்ச்சி, கரைக்குப் போனவர்கள் திரும்பி ஏறிவிட வேண்டிய ‘ஆல் அபோர்ட்’ நேரம், எல்லாமே அந்தக் கணக்கில்தான் ஓடும். கரையில் இறங்கிவிட்டால் டாக்ஸி ஓட்டுநர், படகுத்துறை, கடைக்காரர் எல்லாரும் பேசுவது கரை நேரம். பல துறைமுகங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான், ஒன்றாக இல்லாத துறைமுகத்தில் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

கப்பல் நேரத்தை முடிவு செய்பவர் கேப்டன். சில கப்பல்கள் ஒவ்வொரு துறைமுகத்தின் நேரத்துக்கும் மாறிக்கொண்டே போகும். சில கப்பல்கள் புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கடைசி நாள்வரை விடாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்கள் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரே கப்பல்கூடப் பயணத்துக்குப் பயணம் மாறலாம். ஆகவே போன தடவை அனுபவத்தை நம்பாமல், ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பயணத்தில் கடிகாரத்தை மாற்றுவீர்களா? மாற்றினால் எந்தெந்த இரவு?

அதன் பிறகு கப்பல் நேரத்தைப் பார்க்கச் சிறந்த இடம் கேபினில் உள்ள தொலைபேசியின் திரை. கப்பலின் சொந்த இணைப்பில் இருப்பதால் அது கரையில் உள்ள எந்த மொபைல் கோபுரத்தின் பேச்சையும் கேட்காது. முந்தின மாலை கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலும் மறுநாள் நேரங்கள் இருக்கும். ஆனால் இறங்கும் வாசலில் வைத்திருக்கும் பலகைதான் கடைசிச் சொல். கப்பல் தாமதமாகக் கரை சேர்ந்த அன்று ஆல் அபோர்ட் நேரம் மாறலாம். தாளில் பழைய நேரமே இருக்கும், பலகையில் புதியது இருக்கும். இறங்கும்போது அந்தப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே போட வேண்டிய அட்டவணை

பயணத்துக்கு முன் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, துறைமுகம், அன்றைக்கு அந்த ஊரின் யுடிசி வித்தியாசம் (உலகப் பொது நேரமான யுடிசிக்கு எத்தனை மணி முன்னே என்றால் +, பின்னே என்றால் −), கப்பலின் யுடிசி வித்தியாசம். கடைசிப் பத்தியைக் கப்பலில் ஏறிய பிறகு நிரப்பலாம். கப்பலின் எண்ணிலிருந்து ஊரின் எண்ணைக் கழித்தால் வருவது, கரைக் கடிகாரம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது. விடை எதிர்மறையாக வந்தால் கரை முந்தியிருக்கிறது.

‘அன்றைக்கு’ என்ற சொல் முக்கியம், ஏனென்றால் கோடைகால நேரமாற்றம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது) எல்லா ஊரிலும் இல்லை. கரீபியன் பக்கம் இது நன்றாகத் தெரியும். மயாமி குளிர்காலத்தில் −5, கோடையில் −4. மெக்சிகோவின் கொசுமெல் தீவு ஆண்டு முழுக்க −5. அது இருக்கும் கின்தானா ரோ மாநிலம் 2015 முதல் அப்படித்தான். ஜமைக்கா, கேமன் தீவுகளும் ஆண்டு முழுக்க −5. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டன் ஆண்டு முழுக்க −4. பெலிஸும் ஹோண்டுராஸின் ரோட்டான் தீவும் −6. பஹாமாஸ் மயாமியோடு சேர்ந்தே மாறும். மயாமி நேரத்தை விடாத கப்பலில் ஜனவரியில் கொசுமெல் போனால் வித்தியாசமே இல்லை. அதே கப்பலில் ஜூலையில் போனால் ஒரு மணி நேரம். பெலிஸில் இரண்டு மணி நேரம்.

மத்தியதரைக் கடலில் துருக்கி 2016 முதல் நிரந்தரமாக +3. கிரீஸ் குளிர்காலத்தில் +2, கோடையில் +3. அதனால் கோடையில் இரண்டும் ஒன்று, குளிர்காலத்தில் இல்லை. இத்தாலி எந்தப் பருவத்திலும் கிரீஸுக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஆசியாவில் சிங்கப்பூரும் மலேசியாவும் +8, புக்கெட் +7. அலாஸ்கா போகும் கப்பல் சியாட்டிலிலோ வான்கூவரிலோ ஏறும் இடத்து நேரத்தில் கிளம்பும். ஜூனோ, கெட்சிகன் எல்லாம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால்.

மார்ச், அக்டோபர், நவம்பர் பயணமானால் இன்னொரு தடவை பாருங்கள். ஐரோப்பா மார்ச்சின் கடைசி ஞாயிறும் அக்டோபரின் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறது. அமெரிக்கா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் முதல் ஞாயிறும். பயணத்தின் நடுவே அந்த ஞாயிறு விழுந்தால் போகும்போது பார்த்த ஊரும் திரும்பும்போது பார்க்கும் ஊரும் வேறு கணக்கில் இருக்கும்.

எந்தப் பக்கத் தவறு ஆபத்து?

கரை பின்தங்கியிருந்தால்தான் கப்பலை விடுவீர்கள். ஜூலையில் கொசுமெல்: ஆல் அபோர்ட் கப்பல் நேரம் மாலை 4:30 என்றால் கரையில் அது 3:30. ‘நாலு மணிக்குள் கொண்டுவந்து விடுகிறேன்’ என்று ஓட்டுநர் சொல்வது கப்பலில் ஐந்து மணி.

கரை முந்தியிருந்தால் திரும்புவதற்குக் கூடுதல் நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆபத்து காலையில்தான் இருக்கிறது. ஜனவரியில் சான் ஹுவானில் வெளியாள் நடத்தும் சுற்றுலா கரை நேரம் 9:00 என்றால், மயாமி நேரக் கப்பலில் அது 8:00. கப்பல் கடிகாரத்தைப் பார்த்து நிதானமாகக் காபி குடித்துவிட்டு இறங்கினால் வண்டி போயிருக்கும்.

கப்பலே விற்கும் சுற்றுலாக்களின் சீட்டில் இருப்பது கப்பல் நேரம். வெளியாளிடம் எடுத்தால் பெரும்பாலும் கரை நேரம், ஆனால் துறைமுக வாசலில் கடை போட்டிருப்பவர்கள் வாடிக்கையாளருக்காகக் கப்பல் நேரத்திலேயே பேசுவதும் உண்டு. கேட்டுத் தெளிவுபடுத்தி, சீட்டின் மேல் ‘கரை’ அல்லது ‘கப்பல்’ என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

போன் ஏன் காலை வாருகிறது

போன் தானாக நேரம் மாற்ற மூன்று வழி உண்டு. மொபைல் கோபுரம் அனுப்பும் நேரச் செய்தி ஒன்று. இருப்பிடத்தைக் கணித்து நேர மண்டலத்தை எடுத்துக்கொள்வது இரண்டு. கப்பலிலேயே செயற்கைக்கோள் வழியாக ஓடும் மொபைல் சேவை மூன்று. அது அனுப்பும் நேரம் கப்பல் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர்தான் அகலம். கோடையில் ஸ்பெயின் +2, மொராக்கோ +1. எந்தக் கரைக் கோபுரம் கைக்கு அகப்படுகிறதோ அதன்படி போன் தாவும். இரவில் அப்படித் தாவினால் காலை அலாரமும் கூடவே தாவும்.

ஏர்பிளேன் மோட் போட்டால் போதும் என்பார்கள். அது பாதி மருந்துதான். கோபுரச் செய்தி நிற்கும், ஆனால் பல போன்களில் ஜிபிஎஸ்ஸும் வைஃபையும் அதன் பிறகும் வேலை செய்யும், இருப்பிடத்தை வைத்து மண்டலம் மாறலாம். மறுபக்கம், கப்பல் உண்மையிலேயே இரவில் கடிகாரத்தை மாற்றும்போது இந்தப் போன் மாறாமல் உட்கார்ந்திருக்கும்.

சரியான வழி இதுதான்:

1. அமைப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குப் போய்த் தானாக அமைப்பதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் நேரத்துக்கும் நேர மண்டலத்துக்கும் தனித்தனிப் பொத்தான் இருந்தால் மண்டலத்தை மட்டும் நிறுத்தினால் போதும்.
2. கப்பலின் யுடிசி வித்தியாசம் கொண்ட ஊரை மண்டலமாகத் தேர்ந்தெடுங்கள். கோடைமாற்றம் இல்லாத ஊராக இருந்தால் நல்லது: −5க்குப் பனாமா, −4க்குப் போர்ட்டோ ரிக்கோ, +3க்கு இஸ்தான்புல், +8க்குச் சிங்கப்பூர்.
3. கேபின் தொலைபேசித் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
4. கப்பல் மாற்றும் இரவில் ஊரை மாற்றுங்கள்.

மண்டலத்தைத் தொடாமல் மணியை மட்டும் கையால் நகர்த்தாதீர்கள். அப்படிச் செய்தால் போனின் உள்ளே ஓடும் யுடிசியே தவறிவிடும். முப்பது விநாடிக்கு ஒருமுறை கடவுக்குறியீடு காட்டும் செயலிகள் அந்த யுடிசியை வைத்துத்தான் எண்ணைக் கணிக்கின்றன. ஒரு மணி நேரம் தவறினால் அவை தரும் எண் எதுவும் ஏற்கப்படாது. சில இணையதளங்களும் திறக்க மறுக்கும்.

நாட்காட்டிச் செயலியில் ‘4:30 ஆல் அபோர்ட்’ என்று குறிப்பதும் நம்பத்தக்கதல்ல. நிகழ்வு, அதை உருவாக்கியபோது இருந்த மண்டலத்தோடு கட்டப்பட்டிருக்கும். மண்டலம் மாறினால் 4:30 வேறு மணியாகக் காட்டும். சாதாரண அலாரம் திரையில் தெரியும் மணிக்கே அடிக்கும், ஆகவே அலாரமே வையுங்கள். ஸ்மார்ட் வாட்ச் போனின் நிழல். போன் தவறினால் அதுவும் தவறும்.

இத்தனை சிக்கலுக்கும் மலிவான மாற்று, எதனோடும் இணையாத சாதாரணக் கைக்கடிகாரம். அதில் எப்போதும் கப்பல் நேரம் மட்டும் இருக்கட்டும். கரை நேரத்தைத் தெரிந்துகொள்ளச் சுற்றிலும் ஆயிரம் கடிகாரம் இருக்கும். கப்பல் நேரத்தைச் சொல்லக் கரையில் ஆள் கிடையாது. பூமத்திய வெயிலில் நாள் முழுக்கத் தலைக்குள் கூட்டல் கழித்தல் போடுவதைவிட இது மேல்.

இறங்கும் நாளின் கணக்கு

ஆல் அபோர்ட் என்பது வாசலில் அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்திருக்க வேண்டிய நேரம். பெரும்பாலும் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னதாக இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். ஆல் அபோர்ட் 4:30. நீண்ட பாலத்தில் துறைமுக வாசலிலிருந்து கப்பல்வரை நடக்க 20 நிமிடம்: 4:10. கடற்கரையிலிருந்து துறைமுகத்துக்கு வண்டி 45 நிமிடம்: 3:25. பஞ்சர், நெரிசல், பாதுகாப்புச் சோதனை வரிசைக்காக ஒரு மணி நேரம்: 2:25. இது கப்பல் நேரம். கரை ஒரு மணி பின்தங்கிய ஊரில் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியது 1:25. ‘மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள்’ என்று சொல்லாமல், அவருடைய கடிகாரத்தைக் காட்டி 1:25 என்று சொல்லுங்கள்.

படகு ஏறி வேறு கரைக்குப் போகும் திட்டம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கொசுமெலிலிருந்து பிளாயா தெல் கார்மென் போகும் ஃபெரி முக்கால் மணி நேரப் பயணம். அதன் அட்டவணை கரை நேரத்தில் இருக்கும். திரும்பி வர நீங்கள் நினைத்த ஃபெரிக்கு முந்தைய ஃபெரியைக் கணக்கில் வையுங்கள்.

கப்பல் கரைக்கு வராமல் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்கும் இடங்களில் ஆல் அபோர்ட்டைப் பார்க்காதீர்கள். கடைசி டெண்டர் படகு எப்போது என்பது தனியாக அச்சிடப்பட்டிருக்கும், அதுதான் உங்கள் கெடு. கடைசிப் படகுக்கு எல்லாரும் ஒன்றாக வருவதால் வரிசையும் நீளும்.

கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைக்கும். சொந்தமாகப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. நிகழ்ச்சித் தாளில் அந்த ஊரின் போர்ட் ஏஜென்ட் (துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) எண் இருக்கும். இறங்கும் முன் அதையும் படம் எடுங்கள். கப்பல் கிளம்பிவிட்டால் முதலில் பேச வேண்டியவர் அவர்தான். கேபின் பெட்டகத்தில் பாஸ்போர்ட்டைக் கண்டால் ஊழியர்கள் அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம்.

கடிகாரம் மாறும் இரவு

வழக்கமாக நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மாறும். படுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். மேற்கே போனால் ஒரு மணி கூடக் கிடைக்கும், கிழக்கே போனால் குறையும். அட்லாண்டிக்கைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது தூக்கம் கெடக் கூடாதென்று நண்பகலில் மாற்றும் கப்பல்களும் உண்டு. அன்று மதிய உணவு வேளை சுருங்கும். ஒரே கேபினில் இருவர் ஆளுக்கொரு தடவை அதே கடிகாரத்தைத் திருப்பிவைப்பது, நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். நேரம் தவறாமல் மருந்து எடுப்பவர்கள், முக்கியமாக இன்சுலின் போடுபவர்கள், மாற்றும் இரவுகளின் பட்டியலைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

பசிபிக்கில் தேதிக் கோட்டைத் தாண்டும் கப்பலில் மேற்கே போனால் ஒரு தேதி காணாமல் போகும், கிழக்கே போனால் ஒரு தேதி இரண்டு தடவை வரும். சமோவாவின் ஆப்பியா +13, அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோ −11. இரண்டுக்கும் சரியாக 24 மணி நேர வித்தியாசம். கடிகாரத்தில் ஒரே மணி, நாட்காட்டியில் வேறு தேதி. அங்கே முன்பதிவு செய்தால் மணியை விடத் தேதியையே சரிபாருங்கள். கனடாவின் செயின்ட் ஜான்ஸ், ஆஸ்திரேலியாவின் டார்வின், இலங்கை போன்ற இடங்களில் அரை மணிக் கணக்கு வரும், அட்டவணையில் முழு எண்ணாகச் சுருக்கி எழுதிவிடாதீர்கள்.

கடைசி நாள் இறங்கும் ஊரின் விமானச் சீட்டில் இருப்பது கரை நேரம். முந்தின இரவே அந்த ஊர் நேரத்துக்குப் போனை மாற்றி, கேபின் திரையோடு கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, இறங்கியதும் தானாக அமைப்பதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.