நாயகனின் வயதைக் குறைத்தேன், கதை நகர்ந்தது

பத்து நாள் தின்ற சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது, அப்பாடா! என் நாவல் நடப்பது காரைக்குடியில், 1962இல். நாயகன் கூடப்பிறந்த தம்பிக்கே கடன் தர மறுக்கிறான், படித்தவர்கள் நம்பவில்லை. 1942இல் போருக்குத் தப்பி அவன் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியதை 12 பக்கம் எழுதினேன். இரக்கம் வந்தது, காரணம் வரவில்லை. ஆத்தா வாயால் சொல்ல வைத்தேன், ஒட்டவில்லை.

கோளாறு வயதில் இருந்தது. நடந்து வந்தபோது அவனுக்கு 20 என்று வைத்திருந்தேன். போர் என்றால் என்னவென்று விளங்குகிற வயது. 9 ஆக்கினேன். அப்பச்சி (அப்பா) கடன் கொடுத்ததால்தான் எல்லாம் போச்சு என்று அந்தப் பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்கிறது. 12 பக்கத்தையும் நீக்கிவிட்டு, ஆச்சி திட்டியும் அவன் செருப்பைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கடைசி அத்தியாயத்தில் செருப்பு முகப்பில் கிடக்கிறது. பெட்டகச் சாவி தம்பி கையில்.